நோயாளி சாகிற விளையாட்டு

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு லெவல் அக்கா என்று பெயர். கம்ப்யூட்டர் விளையாட்டில் ஆடுகிறவர் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து போகும் கட்டங்களை, அதாவது லெவல்களை, வரைந்து அமைப்பது அவர் வேலை. எந்த அறைக்குப் பிறகு எந்தத் தாழ்வாரம், எங்கே எதிரி, எங்கே கதவு எல்லாம் அவர் கையில். நான் பக்கத்து நாற்காலி. அவர் வரைந்ததை ஓட வைக்கிற நிரல் எழுதுகிறவன். ஒரே மேஜையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து ஆறு வருடம் துப்பாக்கி விளையாட்டுகளாகச் செய்து தள்ளினோம்.

செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சம்மணம் போட்டால்தான் அவருக்கு வேலை ஓடும். வாய் ஓயாது. சோதனை ஆடுகிறவன் எவனாவது வழி தெரியாமல் சுவரில் முட்டிக்கொண்டு நின்றால், "கண்ண எங்கடா அடகு வச்சிட்டு வந்தான் இவன்?" என்று திட்டுவார். திட்டிவிட்டு அந்த இடத்தில் ஒரு விளக்கைக் கொண்டுபோய் வைப்பார். அவருடைய கைப்பக்குவமே வெளிச்சம்தான்.

"இந்தப் பக்கம் வாடான்னு எழுதிப் போடக் கூடாது தம்பி. போற வழியில லேசா மஞ்சளா ஒரு பல்பு போட்டுடு. தானே கண்டுபிடிச்ச மாதிரி நெனச்சுக்கிட்டு ஜம்முன்னு போவான்," என்பார்.

அவர் அமைத்த கட்டங்களில் யாரும் தொலைந்து போனதில்லை. கம்பெனியில் அது ஒரு பெருமை.

அந்த வருடம் புது மாதிரி வேலை ஒன்று வந்தது. நர்ஸ்களுக்குப் பயிற்சி தரும் ஒரு நிலையம், வார்டில் நடக்கும் அவசரங்களை விளையாட்டாகச் செய்து தரச் சொன்னது. உயிருள்ள ஆளிடம் தப்பு செய்து கற்றுக்கொள்வதைவிடத் திரையில் தப்பு செய்து கற்றுக்கொள்ளட்டும் என்பது யோசனை. நல்ல யோசனைதான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

மேனேஜர் பட்டியலை வாசித்தார். மூச்சுத் திணறல், மாரடைப்பு, மருந்து ஒவ்வாமை, சர்க்கரை இறங்கி மயக்கம், பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கு.

"கடைசி ஒண்ணு எனக்கு," என்றார் லெவல் அக்கா.

"நீங்க மாரடைப்பு எடுத்துக்கங்களேன். அதுலதான் ஆக்‌ஷன் ஜாஸ்தி."

"கடைசி ஒண்ணு எனக்குன்னு சொன்னேன்."

மேனேஜர் தோளைக் குலுக்கிக்கொண்டு எழுதிக்கொண்டார். எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அக்காவுக்கு எப்போதும் எதிலாவது ஒரு பிடிவாதம் இருக்கும்.

ஆலோசனை சொல்ல, பிரசவ வார்டில் முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவை நிலையம் அனுப்பி வைத்தது. நாங்கள் அவரை நர்ஸம்மா என்போம். முழங்கால் வலி. எங்கள் நாற்காலிகள் மேல் நம்பிக்கை இல்லாமல் சொந்தமாக ஒரு திண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருவார். முதல் நாளே என் கையைப் பிடித்து முஷ்டியாக மூடச் சொன்னார்.

"தொட்டுப் பாரு. குழந்த பொறந்ததும் கர்ப்பப்பை இப்படி இறுகிக்கணும். இப்ப உன் கன்னத்தத் தொடு. இப்படி தொளதொளன்னு இருந்தா உள்ள இருந்து ரத்தம் போயிட்டே இருக்குன்னு அர்த்தம். மெஷின் சொல்லாது. பிரஷர் கடைசி வரைக்கும் நல்ல பிள்ளையாட்டம் நூத்திப்பத்து காட்டிட்டே இருக்கும். விழறப்ப ஒரேயடியா விழும். அப்ப ஓடி வந்து பிரயோஜனம் இல்ல."

"அப்ப எத பாக்கணும்?" என்றேன்.

"நாடித்துடிப்பு கொஞ்சங்கொஞ்சமா ஏறும். கை சில்லுன்னு இருக்கும். எல்லாத்துக்கும் மேல, போர்வையத் தூக்கி இடுப்புக்கு அடியில கைய விட்டுப் பாக்கணும். ரத்தம் முன்னால வராது, முதுகுப் பக்கம் தேங்கும். மேல பாத்தா வெள்ள வெளேர்னு போர்வை. கீழ மெத்தையே நனைஞ்சிருக்கும்."

லெவல் அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குறிப்பும் எடுக்கவில்லை. நோட்டைத் திறந்து வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.

ஏழு வாரத்தில் அவர் அந்த அறையைக் கட்டி முடித்தார். ஒரு கட்டில், ஜன்னல், தொட்டில், நாடியும் பிரஷரும் காட்டும் பெட்டி ஒன்று. கட்டிலில் சற்றுமுன் பிள்ளை பெற்ற ஒருத்தி. நாற்பது நிமிடத்தில் நடக்கிறதைப் பன்னிரண்டு நிமிடமாகச் சுருக்கியிருந்தார். ஆடுகிறவர் நர்ஸ். வார்டுக்குள் நடக்கலாம், பேசலாம், எதை வேண்டுமானாலும் தொடலாம். நாடி எண்பத்துநான்கில் தொடங்கித் தொண்ணூற்றாறு, நூற்றுநான்கு என்று சத்தமில்லாமல் ஏறும். மணி அடிக்காது. எங்கள் துப்பாக்கி விளையாட்டுகளில் ஆளின் தலைக்கு மேல் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் ஒரு பச்சைக் கோடு இருக்கும். அது இதில் இல்லை. விளக்கும் இல்லை. ஜன்னல் வழியாக வரும் பகல் வெளிச்சம் அறை முழுக்க ஒரே சீராக விழுந்தது. அவர் செய்த வேலையில் நான் பார்த்த முதல் தட்டையான வெளிச்சம் அதுதான்.

"இப்படி இருந்தா ஆடறவனுக்கு எங்க பாக்கணும்னு எப்படித் தெரியும்?" என்று மேனேஜர் கேட்டார்.

"அதத்தானே சார் கத்துக்க வர்றாங்க."

நர்ஸம்மா ஆடிப் பார்க்க வந்தார். மவுசைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். திரையிலிருந்த பெண், "தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி," என்றாள். சிறிது நேரம் கழித்து மறுபடியும் தண்ணீர் கேட்டாள். பிறகு பெரிதாகக் கொட்டாவி விட்டாள். "குளுருது. இன்னொரு போர்வை இருக்கா?" என்றாள்.

நர்ஸம்மா மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"தாகம் நான் சொன்னேன். கொட்டாவி சொல்லல. ரெண்டாவது போர்வை சத்தியமா சொல்லல. இது எங்க இருந்து வந்துச்சு?"

லெவல் அக்கா திரையிலிருந்த போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பக்கத்துல இருந்தியா?"

"ஆமா."

"யாரு?"

"எங்க அக்கா."

"போர்வை யாரு போர்த்தினது?"

"நான்தான்."

நான் எழுந்து போய்விடலாமா என்று யோசித்தேன். நர்ஸம்மா ஆறுதல் ஏதும் சொல்லவில்லை. திண்டைச் சரிசெய்துகொண்டு, "என் கையிலயும் மூணு பேரு போயிருக்காங்க. அதுல ரெண்டு நான் பாத்திருக்கணும். பாக்கல," என்றார். பிறகு மவுசைப் பிடித்து, போர்வையைத் தூக்கினார்.

அன்றைக்கு டீ இடைவேளையில்தான் எனக்கு முழுதும் தெரிந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்பு நடந்தது. வீட்டில் இரண்டு பெண்கள். பெரியவளுக்குக் காலையில் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். மாமா, அதாவது பெரியவளின் கணவர், எல்லோருக்கும் போன் பண்ண வெளியே போயிருந்தார். துணைக்கு உட்கார்ந்திருந்தது சின்னவள்தான், நம் லெவல் அக்கா. வேலைக்குச் சேர்ந்த புதிது. தான் செய்த முதல் கட்டத்தைப் போனில் ஆடிச் சோதித்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி கேட்டா, குடுத்தேன். மறுபடியும் கேட்டா. 'ஏய், ஒட்டகமா நீ?'ன்னு கிண்டல் பண்ணேன் தம்பி. சிரிச்சா. குளுருதுன்னா, போர்வை எடுத்துப் போட்டேன். நர்ஸ் ரெண்டு தடவ வந்து பெட்டியப் பாத்துட்டு, நார்மல்னு சொல்லிட்டுப் போச்சு. கொட்டாவி விட்டா. தூக்கம் வருது போலன்னு நெனச்சேன். தூங்கட்டும்னு போன்ல சத்தத்தக் கொறச்சேன். பாரு, எவ்ளோ அக்கறை எனக்கு! சத்தத்தக் கொறச்சேன்."

டீ ஆறிப்போய்க் கிடந்தது. அவர் அதைக் குழாயடியில் கொட்டிவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

பயிற்சி நிலையத்தில் முதல் சோதனை. இரண்டாம் வருட மாணவிகள் இருபத்தாறு பேர், ஆளுக்கொரு கம்ப்யூட்டர். இருபத்துமூன்று பேரின் நோயாளி இறந்துபோனாள். எல்லோரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நோயாளி இறந்ததும் 'தோல்வி' என்று எழுத்து வராது. அறை அப்படியே இருக்கும், தொட்டிலில் குழந்தை சிணுங்கும், கதவுக்கு வெளியே ஓர் ஆண்குரல், "உள்ள வரலாமா சிஸ்டர்?" என்று கேட்கும். அவ்வளவுதான். வகுப்பில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து கதவுகளுக்கு வெளியே அந்தக் குரல் கேட்டது. இரண்டு மூன்று பேர் அழுதுவிட்டார்கள். பின்வரிசையில் ஒரு பெண் மட்டும் மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி ஆடினாள். மறுபடியும் நோயாளி செத்தாள். நான்காவது தடவை, மூன்றாம் நிமிடத்திலேயே போர்வையைத் தூக்கினாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் லெவல் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நாலாவது தடவ பாத்துட்டா தம்பி! இனிமே அவ ஆயுசுக்கும் பெட்டிய நம்ப மாட்டா," என்று என் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தார். அப்படி அவர் சிரித்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

மாணவிகள் எழுதிக் கொடுத்த கருத்துத் தாள்கள் மறு வாரம் வந்தன. 'மனசு கஷ்டமாக இருந்தது.' 'என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவே இல்லை.' 'இது அநியாயம்.' பயிற்சி நிலைய இயக்குநர் நேரிலேயே வந்துவிட்டார். நல்ல மனிதர்தான், மெதுவாகப் பேசுகிறவர்.

"பசங்க பயந்துட்டாங்க மேடம். இருபத்தாறுல மூணு பேர் பாஸ்னா, நான் மேல என்னன்னு காட்டுவேன்? பயிற்சி சரியில்லன்னு என்னைத்தானே கேப்பாங்க?"

"பயிற்சி சரியில்லதானே சார்? அதத்தானே இது காட்டுது," என்றார் லெவல் அக்கா.

இயக்குநர் முகம் சுருங்கியது. மேனேஜர் நடுவில் புகுந்தார். "ஒரு சின்ன வெளிச்சம் வச்சா என்ன இப்போ? போர்வை ஓரத்துல லேசா மின்னட்டும். வெளிச்சம் வைக்கிறதுல உங்கள மிஞ்ச ஆள் இல்ல. நீங்களே இப்படிச் சொன்னா எப்படி?"

"வார்டுல எந்தப் போர்வை சார் மின்னுது?"

"இது கேம்."

இரண்டு மணி நேரம் இழுபறி. கடைசியில் ஓர் உடன்பாடு. முதல் மூன்று முறை ஆடும்போது மட்டும் மின்னும், நான்காவது முறையிலிருந்து மின்னாது. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

மூன்று மாதம் அப்படி ஓடியது. நான்காவது முறையில் மாணவிகள் மறுபடியும் தோற்றார்கள். மின்னாத போர்வையை யாரும் தொடவில்லை. நிலையத்திலிருந்து மேனேஜருக்குக் கடிதம் வந்தது. எப்போதும் மின்னட்டும், முடிந்தால் நட்சத்திரம் கைத்தட்டல் எல்லாம் இருக்கட்டும், மற்ற நான்கு விளையாட்டுகளிலும் இருக்கிறதே என்று. அன்றைக்கு லெவல் அக்கா விடுப்பு. மேனேஜர் என் மேஜைக்கு வந்தார்.

"அவங்க இருந்தா பஞ்சாயத்து ஆகிடும். நீயே போட்டுடு."

பதினொரு வரி. ஒரு மத்தியானம்கூட ஆகவில்லை. மூன்று என்ற எண்ணிக்கையை எடுத்துவிட்டேன், அடுத்தடுத்துத் தொட வேண்டியதையும் மின்ன வைத்தேன், நட்சத்திரத்தைச் சேர்த்தேன். கைத்தட்டல் ஏற்கனவே வேறொரு விளையாட்டில் இருந்தது, எடுத்து ஒட்டினேன். முடித்துவிட்டு நன்றாகச் சாப்பிட்டேன், ஞாபகம் இருக்கிறது.

திங்கட்கிழமை வந்து அவர் ஓட்டிப் பார்த்தார். கைத்தட்டல் சத்தம் அடங்கும்வரை அசையாமல் இருந்தார்.

"நீ எழுதினதா?"

"மேனேஜர் சொன்னாருக்கா."

"யார் சொன்னான்னு நான் கேக்கல."

"ஆமா. நான்தான்."

"ம்," என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு மேனேஜர் அறைக்குப் போனார். கதவு மூடியிருந்ததால் என்ன பேசினார்கள் என்று தெரியாது. திரும்பி வந்தபோது, விளையாட்டின் முடிவில் வரும் பெயர்ப் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். எடுத்தேன். அதற்கு ஒரு வரிதான்.

தேர்ச்சி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஆனது. நாற்பது ஆஸ்பத்திரிகள் அதை வாங்கின. ஒரு விழாவில் பாராட்டுக் கேடயம் தந்தார்கள். குழுவாகப் படம் எடுத்தபோது லெவல் அக்கா ஓரத்தில் நின்றார். அலுவலக வாசலில் மாட்டிய படத்தில் அந்த ஓரம் சட்டத்துக்குள் வரவில்லை. வரவேற்பறையில் பெரிய தொடுதிரை ஒன்றை வைத்து, வருகிறவர்கள் ஆடிப் பார்க்க அதே விளையாட்டை ஓட விட்டார் மேனேஜர்.

அந்தத் திரையில்தான் வாலு ஆடினாள். பெரியவள் பெற்றுப்போட்டுவிட்டுப் போன பெண். பத்து வயது. ஒரு நிமிடம் ஓர் இடத்தில் நிற்காததால் வாலு. மாமா மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். வந்தவள் வாலுவை ஒரு குறையும் இல்லாமல்தான் வளர்த்தாள். பள்ளி விடுமுறை நாட்களில் வாலு சித்தியோடு இருப்பாள். அன்று சித்தி வேலையை முடித்துக்கொண்டு வரும்வரை வரவேற்பறையில் உட்கார வைத்திருந்தோம். நான் தண்ணீர் பிடிக்க அந்தப் பக்கம் போனேன். லெவல் அக்காவும் பையை மாட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

திரையில் போர்வை ஓரம் மஞ்சளாக மின்னியது. வாலு அதைத் தொட்டாள். பிறகு மின்னிய வயிற்றைத் தொட்டாள், மின்னிய ஊசியைத் தொட்டாள், மின்னிய மணியைத் தொட்டாள். மூன்று நட்சத்திரங்கள் விழுந்தன. 'தாயும் சேயும் நலம்' என்று எழுத்து வந்தது. கைத்தட்டல்.

"சித்தி! ஒரே நிமிஷத்துல காப்பாத்திட்டேன்! இது ரொம்ப ஈஸி," என்று குதித்தாள். பிறகு திரையைத் திரும்பிப் பார்த்தாள். குதித்தது நின்றது. தன் அம்மா எப்படிச் செத்தாள் என்று வீட்டில் யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"சித்தி, அம்மாவுக்கும் இதுதானே ஆச்சு?"

"ஆமாடா."

"இவ்ளோ ஈஸின்னா ஏன் யாருமே செய்யல?"

"அங்க வெளிச்சம் வரலடா கண்ணா."

"நீதானே பக்கத்துல இருந்த?"

"இருந்தேன்."

"அப்புறம்?"

"எனக்குத் தெரியல."

வாலு சித்தியை மேலும் கீழும் பார்த்தாள். மின்னுகிற இடத்தைத் தொடக்கூடத் தெரியாத ஒருத்தியைப் பார்க்கிற பார்வை அது. பத்து வயதில் அவளுக்கு வேறு எப்படிப் பார்க்கத் தெரியும்? அன்றைக்கு அவள் சித்தி வீட்டுக்குப் போகவில்லை. அப்பாவுக்குப் போன் போடச் சொல்லி அழுதாள், அவர் வந்து கூட்டிக்கொண்டு போனார். அடுத்த விடுமுறைக்கும் வரவில்லை.

லெவல் அக்கா அதற்குப் பிறகும் வேலைக்கு வந்தார். வாய்தான் நின்றுவிட்டது. சோதனை ஆடுகிறவர்கள் சுவரில் முட்டினால் முட்டிக்கொண்டே நின்றார்கள்.

மறு வருடம் அந்தச் செய்தி வந்தது. எங்கள் விளையாட்டை வாங்கிய ஆஸ்பத்திரி ஒன்றில், பிள்ளை பெற்ற ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்துபோனாள். நண்பகல் நேரம். வீட்டார் விடாமல் புகார் கொடுத்ததில் ஒரு விசாரணை தொடங்கியது. ஆஸ்பத்திரி நிர்வாகம் எங்களிடம் ஒரு தகவல் கேட்டது. அன்று பணியிலிருந்த நர்ஸ் எங்கள் விளையாட்டை எத்தனை முறை ஆடினாள், என்ன மதிப்பெண்?

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது முறை ஆடியிருந்தாள். ஒன்பது முறையும் மூன்று நட்சத்திரம். மிக விரைவாக முடித்தது ஐம்பத்திரண்டு நொடி.

நிர்வாகம் அதைப் பிடித்துக்கொண்டது. நாங்கள் முழுப் பயிற்சி கொடுத்துவிட்டோம், இதோ சான்று, எல்லாம் தெரிந்தும் இவள் செய்யவில்லை, ஆகவே தவறு இவளுடையது என்று.

லெவல் அக்கா அந்தத் தாளைப் படித்துவிட்டு நேராக மேனேஜரிடம் போனார். இந்த முறை கதவு திறந்தே இருந்தது.

"அந்தப் பொண்ணுக்கு நாம ஒண்ணும் கத்துக்குடுக்கல சார். மின்னுற இடத்தத் தொடத்தான் கத்துக்குடுத்தோம். நான் போய்ச் சொல்லப் போறேன்."

"நீங்க போனா அது கம்பெனிக்கு எதிரா சாட்சி. புரிஞ்சுதான் பேசறீங்களா?"

"புரியுது. ராஜினாமா எழுதிக் குடுத்துட்டே போறேன்."

வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். "நீயும் வா தம்பி. எது எப்ப மாத்துனதுன்னு தேதியோட சொல்லத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். நான் வெறும் வாயில சொன்னா நம்ப மாட்டாங்க."

"பாக்கறேன்கா," என்றேன்.

என் மனைவிக்கு அப்போது ஆறாம் மாதம். வேலை போனால் வேறு தேட வேண்டும், இந்த நேரத்திலா என்று நினைத்தேன். காரணம் என்று சொன்னால் அதுதான். விசாரணை நாளன்று உடம்பு சரியில்லை என்று போனை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

அங்கே நடந்ததை நர்ஸம்மா பிறகு எனக்குச் சொன்னார். அவர் லெவல் அக்காவோடு போயிருந்தார். நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர், "நீங்க டாக்டரா?" என்று கேட்டார். இல்லை. "நர்ஸா?" இல்லை. "அப்ப என்ன வேலை?" கேம் செய்கிற வேலை. பக்கத்திலிருந்தவர் சிரிப்பை அடக்கக் குனிந்துகொண்டார். லெவல் அக்கா எல்லாவற்றையும் சொன்னார். தட்டையான வெளிச்சம், இருபத்துமூன்று பேர், மூன்று முறை, பதினொரு வரி. தன் அக்காவைப் பற்றியும் சொன்னார். தான் போர்த்திய போர்வையைப் பற்றியும். எழுதுகிறவர் எழுதினார். இருபது நிமிடத்தில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

தாழ்வாரத்து பெஞ்சில் அந்த நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். இருபத்துநான்கு வயதுகூட இருக்காது. லெவல் அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் மேல தப்பு இல்லம்மா. அந்த வெளிச்சம் இருக்கக் கூடாதுன்னு நான் அப்பவே சொன்னேன்," என்று கையைப் பிடித்தார்.

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"நீங்கதான் அதச் செஞ்சீங்களா? வெளிச்சம் இருந்தா என்னக்கா, இல்லாட்டி என்ன? உங்க கேம்ல ஒரே ஒரு கட்டில். அன்னைக்கு எனக்குப் பத்தொன்பது கட்டில். கூட இருக்க வேண்டிய ரெண்டு பேரு வரல. போர்வையத் தூக்கணும்னு எனக்குத் தெரியாதா? அந்தம்மாகிட்ட நான் போகவே முடியலக்கா. ஒருத்தி வலியில கத்துறா, ஒரு குழந்தைக்கு மூச்சு வரல. சும்மா படுத்திருந்தவங்கள நான் பாக்கல. இத சொன்னா, ஒன்பது தடவ முழு மார்க் வாங்கினியேங்கறாங்க. அந்த மார்க்க எனக்கு யாரு கேட்டா?"

அவள் உருவிக்கொண்ட இடத்திலேயே லெவல் அக்காவின் கை பெஞ்சின் மேல் கிடந்தது என்றார் நர்ஸம்மா. "எனக்கும் அது தோணலயே. முப்பத்தொரு வருஷம் வார்டுல இருந்தவ நான். ஒரு கட்டில் மட்டும் வரைஞ்சு காட்டினப்ப நல்லா இருக்குன்னு தலைய ஆட்டினேனே," என்று தன் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

நான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது. அந்த நர்ஸின் வேலை போயிற்று. இப்போது அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. பத்தொன்பது கட்டில் பற்றி அறிக்கையில் ஒரு சொல் இல்லை. பணியாளர் அனைவரும் விளையாட்டுப் பயிற்சியை ஆண்டுக்கு இரண்டு முறை முடிக்க வேண்டும் என்று ஒரு பரிந்துரை இருந்தது. அதைக் காட்டி மேனேஜர் இன்னும் பதினான்கு ஆஸ்பத்திரிகளைப் பிடித்தார்.

நர்ஸம்மா எங்கெங்கோ அலைந்து அறிக்கையின் நகல் ஒன்றை வாங்கி, முழங்கால் முடியவில்லை என்று என்னிடம் கொடுத்து அனுப்பினார். லெவல் அக்கா இருந்த வீட்டைத் தேடிப் போனேன். பல் தேய்க்கப் பழக்கும் குழந்தை விளையாட்டு ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சுவரில் வாலு நான்கு வயதில் எடுத்த படம் ஒன்று இருந்தது. புதுப் படம் எதுவும் இல்லை.

தன்னைப் பற்றிய இடத்தைத் தேடி விரலை ஓட்டினார். பதினேழாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி. 'விளையாட்டு நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவரும் கருத்துத் தெரிவித்தார். அது இவ்விசாரணைக்குத் தொடர்பற்றது.'

"முன்னாள் ஊழியராம். இருபது நிமிஷம் எங்க அக்காவப் பத்திச் சொன்னேன். அவள ஒரு வார்த்த எழுதல," என்றார்.

அன்றைக்கு வர முடியாமல் போனதற்கு நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். உடம்பு சரியில்லை என்ற பொய்யைத் திரும்பச் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வரவில்லை.

"குழந்த நல்லா இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்குக்கா. பொண்ணு."

"வீட்டுக்காரம்மா?"

"நல்லா இருக்கா."

"சந்தோஷம். வேற ஏதாவது சொல்லணுமா சார்? இல்லன்னா நான் கொஞ்சம் வேலையப் பாக்கணும். நீங்க தப்பா எடுத்துக்காதீங்க."

இத்தனை வருடம் என்னைத் தம்பி என்றும் டேய் என்றும் கூப்பிட்டவர் அவர். நான் எழுந்து, வருகிறேன் என்றேன். அவர் கதவு வரை வந்து, பார்த்துப் போங்கள் என்று சொல்லி மரியாதையாக அனுப்பிவைத்தார்.